ஏ.பி.எஸ் மொடியூல்: திருத்துவதா, பாவித்ததா, புதிதா?

உறுத்திப் பிறேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிச் சறுக்காமல் காப்பது ஏ.பி.எஸ். அதை நடத்தும் பெட்டிதான் மொடியூல், யூனிற் என்றும் சொல்வார்கள். மஞ்சள் ஏ.பி.எஸ் விளக்கு எரிகிறது. பிழை எண்களை வாசிக்கும் ஸ்கானரைப் பூட்டிய மெக்கானிக் "அண்ணை, மொடியூல் போயிட்டுது, கொழும்பிலதான் எடுக்கவேணும்" என்கிறார். அந்த இடத்தில் வாகனக்காரர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. இருக்கிற மொடியூலின் சர்க்கிட்டைத் திருத்தலாம். ஜப்பானிலிருந்து வந்த அல்லது உடைத்த வாகனத்திலிருந்து கழற்றிய பாவித்த யூனிற் வாங்கலாம். வேறு கொம்பனி செய்த புதியதை எடுக்கலாம். வாகனக் கொம்பனியின் ஜெனுயின் புதியதை ஓடர் பண்ணலாம். ஒன்றும் செய்யாமல் விளக்கோடு ஓடுவதை ஒரு வழியாக எண்ணக் கூடாது. ஆனாலும் பலர் அதைத்தான் செய்கிறார்கள், ஆகவே அதையும் பேசவேண்டும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாதாரண ஏ.பி.எஸ் உள்ள கார், வானுக்கு, பழுது மின்பக்கம் என்று நிச்சயமானால் திருத்துவதே முதல் தெரிவு. பிறேக் ஒயில் பக்கம், அதாவது வால்வு அல்லது பம்ப் பழுதென்றால் நல்ல பாவித்த யூனிற் அல்லது ஜெனுயின். பிறியஸ், அக்குவா போன்ற ஹைபிறிட்டுக்குப் பாவித்தது வேண்டவே வேண்டாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பழுது மொடியூலில்தான் என்பதை உறுதிசெய்யவேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்த ஒரு வேலையைத் தாண்டிக் குதிப்பதால்தான் காசு அதிகம் வீணாகிறது.

மொடியூலைக் குற்றம் சொல்லுமுன்

எங்கள் குடாநாட்டில் ஏ.பி.எஸ் விளக்குக்கு முதல் காரணம் உப்பு. பண்ணைப் பாலத்தால் குறிகட்டுவான் வரைக்கும், காரைநகர்ப் பாதையாலும் தினமும் ஓடும் வாகனங்களின் அடிப்பக்கம் முழுக்க உப்புக்காற்றில் ஊறுகிறது. வீட்டுக்கு வந்து உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் மேலும் ஒரு படை.

சில்லு வேகத்தை அளக்கும் சென்சர், சில்லைத் தாங்கும் நக்கிளில் உள்ள ஒரு துளைக்குள் இறங்கி நிற்கும். அதன் முனைக்கும் சுற்றும் பல்வளையத்துக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் அளவிலான இடைவெளிதான். போல்ற்றைக் கழற்றிச் சென்சரைத் தூக்கிப் பார்த்தால், அது இருந்த தட்டையான முகத்தில் கறுத்த ஓடு மாதிரித் துரு ஏறியிருக்கும். அந்த ஓடு சென்சரைத் துளையிலிருந்து மெல்ல மேலே தள்ளிவிடுகிறது. இடைவெளி கூடக்கூட சிக்னல் மெலிகிறது. இதன் அடையாளம் தெளிவானது: சந்தியில் மெதுவாக நிறுத்தும்போது, கடைசி ஐந்து பத்து கிலோமீற்றர் வேகத்தில், காய்ந்த தார் றோட்டிலும் பெடல் கடகடவென்று அதிரும். ஒரு சில்லு ஏற்கெனவே நின்றுவிட்டது என்று மொடியூல் நினைத்து அதன் பிறேக்கை விடுவிக்கிறது. விளக்கு எரியாமலேகூட இது நடக்கும். வைத்தியம் எளிது: துருவை எமரித் தாளால் சுத்தமாக எடுத்து, முகத்தில் மெல்லிய கிறீஸ் பூசி, திருப்பி வைப்பது. இறுகிய சென்சரைச் சுத்தியலால் தட்டினால் முனை உள்ளேயே முறியும். துரு இளக்கும் ஒயில் விட்டு ஒரு இரவு வைத்து, பக்கவாட்டில் மெல்லத் திருகி எடுக்கவேண்டும்.

ஸ்கானர் காட்டும் பிழை எண்களில், டொயோட்டாவில் சி0200 முன் வலது, சி0205 முன் இடது, சி0210 பின் வலது, சி0215 பின் இடது. இந்த நான்கில் ஒன்று மட்டும் வந்தால் மொடியூலைத் தொடவே தேவையில்லை. அந்தச் சில்லுக்குப் போங்கள். அண்மையில் பெயரிங் மாற்றிய சில்லென்றால் பெயரிங்கையே சந்தேகியுங்கள். புதிய வகைகளில் பல்வளையத்துக்குப் பதிலாகப் பெயரிங் சீலிலேயே காந்தப்பட்டி இருக்கும். மலிவான பெயரிங்கில் அந்தப் பட்டியே இருக்காது, அல்லது பெயரிங்கைத் திருப்பி அடித்திருப்பார்கள். பேப்பர் கிளிப் ஒன்றை நூலில் தொங்கவிட்டுச் சீலுக்குக் கிட்டக் கொண்டுபோனால் காந்தமுள்ள பக்கம் தெரிந்துவிடும்.

சென்சரை அளப்பதிலும் ஒரு பொறி உண்டு. பழைய சுருள் வகையை ஓம் மீற்றரால் அளக்கலாம், பெரும்பாலும் 800 முதல் 2,000 ஓம் வரை காட்டும். இப்போதைய இரண்டு வயர் அக்ரிவ் (active) வகையை ஓம் மீற்றரால் அளந்து "ஓப்பின்", அதாவது உள்ளே அறுந்தது என்று முடிவெடுப்பது பிழை, ஏனென்றால் அதற்குள் ஐ.சி (எலெக்ட்ரோனிக்ஸ் சிப்) இருக்கிறது. அதற்கு மொடியூலிலிருந்து மின்சாரம் வருகிறதா என்று பார்த்து, சில்லைச் சுற்றும்போது சுமார் 7 மில்லி அம்பியருக்கும் 14 மில்லி அம்பியருக்கும் இடையில் மின்னோட்டம் தாவுகிறதா என்று பார்க்கவேண்டும். அதைவிட இலகு, ஸ்கானரில் நான்கு சில்லு வேகத்தையும் ஒன்றாகத் திறந்துவைத்து 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி நிறுத்திப் பார்ப்பது. நான்கும் ஒன்றாக இறங்கவேண்டும். முன்கூட்டியே பூச்சியத்துக்கு விழும் சில்லுதான் குற்றவாளி.

அடுத்தது மின்சாரம். மொடியூலுக்குப் பொதுவாக இரண்டு தடித்த பற்றரி வயர்கள் வரும். ஒன்று பம்ப் மோட்டருக்கு, மற்றது வால்வுகளுக்கு. பியூஸ் வாகனத்தைப் பொறுத்து 25 முதல் 50 அம்பியர் வரை இருக்கும். பிளக்கைக் கழற்றி மல்ரிமீற்றர் வைத்தால் 12 வோல்ற் அழகாகக் காட்டும். அதை நம்பவேண்டாம். ஒரே ஒரு செப்பு இழை மிஞ்சியிருந்தாலும் மீற்றர் 12 வோல்ற் காட்டும். 55 வாற் ஹெட்லைற் பல்பு ஒன்றை அந்தப் பவர் முனைக்கும் ஏர்த் முனைக்கும் இடையில் பிடியுங்கள். பல்பு முழுவெளிச்சத்தில் எரிந்தால் வயர் சுகம். மங்கினால் பழுது வயரிலோ ஏர்த்திலோதான். பற்றரி மைனஸிலிருந்து மொடியூல் ஏர்த் வரைக்கும் பல்பு எரியும்போது 0.2 வோல்ற்றுக்கு மேல் விழக்கூடாது. எங்கள் ஊரில் எஞ்சின் பக்கத்து ஏர்த் போல்ற்றுகள் பச்சை பூத்துக் கிடப்பது சர்வசாதாரணம். ஒரு போல்ற்றைக் கழற்றித் தேய்த்துப் பூட்டியதோடு "மொடியூல் பழுது" தீர்ந்த வாகனங்கள் ஏராளம்.

சி1241 என்பது மின்னழுத்தக் கோளாறு. அதற்கு முதலில் பற்றரியும் ஒல்ரனேற்றரும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ற் இல்லையென்றால் வேறெதையும் தொடவேண்டாம். யு0121 வந்தால் மற்றக் கொம்பியூட்டர்கள் ஏ.பி.எஸ்ஸோடு பேசமுடியவில்லை என்று பொருள். பற்றரியைக் கழற்றிவிட்டு ஸ்கானர் பூட்டும் சொக்கெற்றில் 6ஆம் 14ஆம் முனைகளுக்கிடையில் அளந்தால் 60 ஓம் அளவில் வரவேண்டும். 120 காட்டினால் கொம்பியூட்டர்கள் தமக்குள் பேசும் கேன் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. எலி கடித்த வயரும் இதே பிழையைத்தான் தரும்.

இத்தனையும் சரி, பிளக் முனைகள் பளிச்சென்று இருக்கின்றன, ஆனாலும் சி0273, சி0274, சி0278, சி0279 போன்ற ரிலே பிழைகளோ சி1251 என்ற மோட்டர் பிழையோ அழித்தவுடனேயே திரும்பி வருகின்றன என்றால், இப்போது மொடியூலைப் பற்றிப் பேசலாம்.

இரண்டு உடம்பு, ஒரு பெட்டி

நாம் மொடியூல் என்று சொல்வது ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு பொருள். அலுமினியக் கட்டிக்குள் வால்வுகளும் பம்பும் உள்ள ஒயில் பக்கம். அதன் முகத்தில் ரொர்க்ஸ் ஸ்குரூக்களால் இறுக்கிய கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டி, அதுதான் ஈ.சி.யூ என்ற கொம்பியூட்டர். சாதாரண நான்கு சனல் ஏ.பி.எஸ்ஸில் சில்லுக்கு இரண்டாக எட்டு வால்வு. சறுக்கல் கட்டுப்பாடும் உள்ளதென்றால் பன்னிரண்டு. மின்சுருள்கள் எல்லாம் பிளாஸ்ரிக் பெட்டியில் இருக்கும், வால்வின் தண்டுகள் மட்டும் கட்டியிலிருந்து நீட்டிக்கொண்டு சுருள்களுக்குள் புகுந்து நிற்கும். பல ஐரோப்பிய, கொரிய வாகனங்களில் பிறேக் குழாய் ஒன்றையும் திறக்காமலே ஈ.சி.யூவைக் கழற்றி எடுத்துவிடலாம். டொயோட்டா பல மொடல்களில் இரண்டையும் சேர்த்தே ஒரே பாகமாக விற்கிறது. எந்தப் பக்கம் பழுது என்பதுதான் மேலே சொன்ன நான்கு வழிகளில் எது உங்களுடையது என்பதைத் தீர்மானிக்கும்.

திருத்துவது

மின்பக்கப் பழுது பெரும்பாலும் சில்லறைப் பழுது. எஞ்சின் சூடும் குலுக்கமும் பட்டுப் பட்டு, பம்ப் மோட்டரின் தடித்த முனைகளில் ஈயம் மோதிரம் மாதிரி வெடித்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் முனையைச் சுற்றி ஒரு கருவளையம் தெரியும். விரலால் அசைத்தால் முனை ஆடும். அதைச் சுரண்டி, ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதிதாக வைத்தால் பெட்டி இன்னும் பல வருடம் உழைக்கும். இந்த வேலையைக் கைப்பதமுள்ள எலெக்ட்ரோனிக்ஸ்காரர் யாழ்ப்பாணத்திலேயே செய்யலாம்.

எல்லாப் பெட்டியும் அப்படியல்ல. சில பொஷ், ஆற்றே (ATE) கொம்பனி வகைகளின் உள்ளே சாதாரண போர்ட் இல்லை. செராமிக் தட்டும், அதன்மேல் ஜெல்லும், முனைகளைத் தட்டோடு இணைக்கும் மயிர்போன்ற அலுமினியக் கம்பிகளும்தான். அந்தக் கம்பி அறுந்தால் வீட்டு ஈயக்கோலால் ஒட்டாது. முயன்றால் ஜெல் கருகி, பக்கத்துக் கம்பியும் போகும். அதற்கென்று கருவி வைத்திருப்பவரிடம் மட்டுமே கொடுக்கவேண்டும். கொடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதே நம்பர் பெட்டி முன்னர் திறந்திருக்கிறீர்களா?" அவர் நம்பரையே பார்க்காமல் "எல்லாம் செய்யலாம்" என்றால் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

மூடுவதிலும் கவனம் வேண்டும். கடையில் கிடைக்கும் வினாகிரி மணக்கும் சிலிக்கன் செம்பை அரிக்கும். மணமற்ற, எலெக்ட்ரோனிக்ஸ்க்கான சிலிக்கன்தான் பூசவேண்டும். மூடியைச் சுற்றி ஒரு ஊசித்துளை விட்டாலும் மாரி மழைக்கு மறுபடி அதே பழுது. பெட்டிக்குள் பிறேக் ஒயில் கசிந்து ஈரமாக இருந்தால் திருத்தல் முயற்சியை அங்கேயே நிறுத்துங்கள். ஒயில் வால்வுத் தண்டு வழியாகவோ மோட்டர் சீல் வழியாகவோ வந்திருக்கிறது. போர்டைத் திருத்தினாலும் ஒயில் தொடர்ந்து வரும்.

திருத்தலின் பெரிய ஆதாயம் காசு மட்டுமல்ல. பெட்டி உங்களுடையது, ஆகவே வாகனத்தின் விபரத்தைப் பெட்டிக்குள் பதியும் கோடிங் தேவையில்லை. குழாய் திறக்காததால் பிறேக் ஒயிலிலிருந்து காற்றெடுக்கும் வேலையும் இல்லை. பெட்டி வெளியே போயிருக்கும் நாட்களில் அடிப்படைப் பிறேக் வேலைசெய்யும், ஆனால் பல வாகனங்களில் ஸ்பீடோமீற்றர் செத்துக் கிடக்கும். வெளியே நீட்டிய வால்வுத் தண்டுகளைப் பொலித்தீனால் இறுக்கமாக மூடி, தூசியும் தண்ணீரும் படாமல் வைக்கவேண்டும். முடிந்தால் வாகனத்தை எடுக்காமலே விடுங்கள்.

பாவித்த யூனிற்

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வாகனங்களையே இழுத்துப்பிடித்து ஓட்டினோம். அதனால் பாவித்த யூனிற்றுக்கு ஆள் அதிகம், நல்லது குறைவு. கொழும்புப் பஞ்சிகாவத்தையிலும் உள்ளூர் உடைப்பு யார்டுகளிலும் எடுக்கலாம். எங்கே எடுத்தாலும் பார்க்கவேண்டியது ஒன்றே.

முதலாவது நம்பர். லேபலில் உள்ள பாக நம்பர் முழுவதும், கடைசி எழுத்து வரைக்கும், பொருந்தவேண்டும். டொயோட்டாவின் சாதாரண ஏ.பி.எஸ் யூனிற்றுகளில் 44050 என்று தொடங்கும் முதல் ஐந்து இலக்கம் பாகத்தின் வகையை மட்டும்தான் சொல்லும். மொடலைத் தீர்மானிப்பது பின்னால் வரும் ஐந்து இலக்கம். "அதே கார்தான், அதே பிளக்தான்" என்பது போதாது. ஒரே மொடலில் இரண்டு சில்லு இழுப்பு, நான்கு சில்லு இழுப்பு, சறுக்கல் கட்டுப்பாடு உள்ளது, இல்லாதது என்று பல வகை உண்டு. பிளக் பொருந்தும், விளக்கும் அணையும், ஆனால் சில்லுக்குப் போகும் பிறேக் அழுத்தக் கணக்கு வேறொரு வாகனத்துக்கானது. பிறேக்கில் அந்தப் பரிசோதனை செய்யக்கூடாது.

இரண்டாவது, துளைகள். இதைக் கண்ணால் கிட்டப் பாருங்கள். குழாய் பூட்டும் ஆறு துளைகளும் றப்பர் மூடி போட்டிருக்கின்றனவா, அல்லது குழாயை வெட்டி மடித்து விட்டிருக்கிறார்களா? இரண்டும் பரவாயில்லை. வாய் திறந்தபடி தட்டில் கிடந்த யூனிற் என்றால் தொடவேண்டாம். பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். திறந்து கிடந்த சில கிழமைகளில் உள்ளே வால்வு இருக்கைகளில் துரு படியும், பம்ப் பிஸ்ரன் இறுகும். மூடியைக் கழற்றித் துளைக்குள் ஈர்க்கில் சுற்றிய துணி ஒன்றால் தொட்டுப் பாருங்கள். தேன் நிறம் நல்லது. கறுத்த கூழோ, வெள்ளைப் பொடியோ வந்தால் காசைப் பையிலேயே வைத்திருங்கள்.

மூன்றாவது, பிளக் முனைகள். பச்சை பூத்த முனையைச் சுரண்டித் துலக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். சுரண்டிய முனையில் தகரப்பூச்சுப் போய்ச் செம்பு சிவந்து தெரியும்.

உத்தரவாதத்தில் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. "பூட்டிப் பாருங்கோ, பிழையெண்டால் திருப்பித் தாங்கோ" என்று சொல்வார்கள். கொழும்பு நானூறு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் பார்சல் வர ஒரு இரவு, கராச்சில் இடம் கிடைக்க இரண்டு நாள், காற்றெடுக்க ஒரு நாள், திருப்பி அனுப்ப ஒரு இரவு. ஏழு நாள் உத்தரவாதம் இங்கே இரண்டு நாளாகச் சுருங்கிவிடும். பில்லில் குறைந்தது 30 நாள் என்றும், "ஸ்கானர் பிழை காட்டினால் பணம் திருப்பி" என்றும் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

புதியது, இரண்டு வகை

கொம்பனி அல்லாத புதியது பற்றி எங்கள் நிலைப்பாடு கடுமையானது. சென்சர், பிறேக் பாட், குழாய் என்றால் பெயருள்ள மாற்றுத் தயாரிப்பை எடுக்கலாம். வால்வும் பம்பும் உள்ள யூனிற்றில், செய்தவர் யார் என்று பெட்டியில் தெளிவாக இல்லாத பொருளை வாங்கவேண்டாம். "புதிது" என்று வரும் பலவும் பழைய உடம்பைக் கழுவி, மணல் அடித்து, புது லேபல் ஒட்டியவை. ஸ்குரூத் தலைகளில் ஸ்பனர் பட்ட தடம், லேபலுக்குக் கீழே பழைய பசையின் கோடு, கட்டியின் மூலைகளில் மணல் அடித்த மங்கல், இவை மூன்றையும் பாருங்கள். மறுசீரமைத்த பொருளென்று நேர்மையாகச் சொல்லி எழுத்தில் உத்தரவாதம் தருபவர் வேறு கதை.

ஜெனுயின் விலை கூடியது, காத்திருப்பு நீண்டது. ஆட்களை ஏற்றி ஓடும் ஹையேஸ் வானுக்கும் பாடசாலைச் சேவைக்கும், ஒயில் பக்கப் பழுதென்றால், அதைத்தான் நாங்கள் சொல்வோம். ஓடர் கொடுக்கும்போது செய்யும் பிழை இது: இணையத்தில் அமெரிக்கப் பட்டியலில் தேடி அந்த நம்பரைக் கொடுப்பது. நம்முடைய ஜப்பான் வாகனங்களுக்கு 17 இலக்க நம்பர் இல்லை. என்.எச்.பி.10, இசட்.வி.டபிள்யூ.30 என்று தொடங்கும் சேசிஸ் நம்பர்தான். அந்த முழு நம்பரையும், பழைய யூனிற்றின் லேபல் படத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பிழை வர வழியில்லை. அமெரிக்க பிறியஸுக்கான யூனிற் இடதுகை வாகனத்துக்கானது, குழாய் வரும் பக்கமே வேறாக இருக்கலாம்.

சில புதிய யூனிற்றுகள் உள்ளே ஒயில் நிரப்பியே வரும், சில காய்ந்து வரும். நிரப்பி வந்ததன் மூடிகளை அந்தந்தக் குழாய் பூட்டும் கணத்தில் மட்டும் கழற்றவேண்டும். மேசையில் வைத்து எல்லா மூடியையும் முதலே கழற்றிவிட்டால் அந்த வசதி வீண்.

ஹைபிறிட் வேறு சாதி

பிறியஸ், அக்குவாவில், சாதாரண வாகனத்தில் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் வக்கியூம் பூஸ்ரர் இல்லை. மின்பம்ப் ஒன்று ஒயிலை அழுத்தி ஒரு குடுவையில் சேமித்து வைக்கிறது. நீங்கள் மிதிக்கும்போது அந்தச் சேமிப்புத்தான் பிறேக்கைப் பிடிக்கிறது. சாரதிக் கதவைத் திறந்தவுடன் முன்பக்கத்தில் கேட்கும் "ர்ர்ர்" என்ற சத்தம் அந்தப் பம்ப்தான். அது சில விநாடியில் நிற்பது இயல்பு. மிதிக்காமல் சும்மா நிற்கும்போதும் மீண்டும் மீண்டும் ஓடினால் உள்ளே அழுத்தம் கசிகிறது. சி1391 கசிவைச் சொல்கிறது. சி1252 பம்ப் கனநேரம் ஓடுவதை. சி1256 சேமிப்பு அழுத்தம் குறைந்ததை. இவற்றோடு சிவப்பு விளக்கும் பஸ்ஸரும் சேர்ந்தால் வாகனத்தை அங்கேயே நிறுத்துங்கள். மிஞ்சுவது உதவியில்லாத கல்லுப் பெடல்தான்.

இங்கே பாவித்ததை ஏன் மறுக்கிறோம்? உள்கசிவு அந்த யூனிற்றுகளுக்கு வயதோடு வருகிற நோய். உங்கள் வாகனத்தின் வயதையொத்த இன்னொரு வாகனத்தில் கழற்றியது அதே நோயின் பாதி வழியில் இருக்கும். கடையில் வைத்துச் சோதிக்கவும் முடியாது, ஏனென்றால் அழுத்தம் ஏற்றினால்தான் கசிவு தெரியும். மூன்றாம் தலைமுறைப் பிறியஸிலும் அக்குவாவிலும் பம்பும் பூஸ்ரரும் தனித்தனிப் பாகம் என்பதால், எது கசிகிறது என்று டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் போன்ற மென்பொருளில் சேமிப்பு அழுத்தம் எப்படி இறங்குகிறது என்று பார்த்த பிறகே ஓடர் கொடுங்கள். ஒன்றுக்காக இரண்டையும் வாங்கியவர்கள் உண்டு.

கைவைக்கும்போது உயிராபத்தும் உண்டு. குடுவையில் 150 பாருக்கும் மேல் அழுத்தம் நிற்கும். மென்பொருளால் அந்த அழுத்தத்தைப் பூச்சியமாக்கி, மோட்டர் ரிலேக்களைக் கழற்றி, 12 வோல்ற் பற்றரியின் மைனஸையும் எடுத்த பிறகே நட்டைத் தொடலாம். கதவைத் திறந்தாலே பம்ப் ஓடும் வாகனம் இது. குழாயைத் திறந்து வைத்திருக்கும்போது யாரோ ஒருவர் கதவைத் திறந்தால் ஒயில் கண்ணில் பாயும். இந்த மென்பொருள் இல்லாத கராச்சில் ஹைபிறிட் பிறேக்கைக் கழற்ற விடவேண்டாம். காற்றெடுக்கவும் அதே மென்பொருள் வேண்டும். பெடலை மிதித்து எடுக்கும் பழைய முறை இதில் செல்லாது.

விளக்கோடு ஓடுவது

"முந்தி ஏ.பி.எஸ் இல்லாமலே ஓடினோம்தானே" என்பது பாதி உண்மை. முந்தைய வாகனத்தில் பின்சில்லுக்கு அழுத்தம் குறைக்கும் ஒரு பொறிமுறை வால்வு இருந்தது. இப்போதைய பல வாகனங்களில் அதை எடுத்துவிட்டு, முன்பின் பங்கீட்டை ஏ.பி.எஸ் யூனிற்றிடமே கொடுத்துவிட்டார்கள். மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் அந்தப் பங்கீடு பெரும்பாலும் இன்னும் வேலைசெய்கிறது. மஞ்சளோடு சிவப்புப் பிறேக் விளக்கும் எரிந்தால், ஒயில் மட்டமும் கைபிறேக்கும் சரியாக இருந்தும் எரிந்தால், பங்கீடும் போய்விட்டது. அப்போது உறுத்தி மிதித்தால் பின்சில்லு முதலில் பூட்டும், வாகனம் பின்னால் சுழலும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏ9 வீதியில் ஒரு மாடு குறுக்கே வந்தால் அது போதும். பியூஸைக் கழற்றுவதும் இதே நிலைதான். விளக்கின் பல்பைக் கழற்றி விற்கப்பட்ட வாகனங்களும் உண்டு. வாங்கும்போது சாவியைத் திருப்பியவுடன் ஏ.பி.எஸ் விளக்கு ஒருமுறை எரிந்து அணைகிறதா என்று பாருங்கள்.

பூட்டும் நாள்

முழு யூனிற்றை மாற்றுவதென்றால் ஒரு லீற்றர் புதிய பிறேக் ஒயில் போதும், ஒன்றரை எடுத்து வைத்தால் நிம்மதி. ஒயில் ராங்கியின் மூடியில் டொட் 3 என்றிருந்தால் டொட் 3 அல்லது டொட் 4. டொட் 5 சிலிக்கன் ஒயில், அதை ஊற்றவே கூடாது. போன வருடம் திறந்த போத்தலென்றால் எறிந்துவிடுங்கள். புதிய டொட் 3 கொதிக்கும் வெப்பம் குறைந்தது 205 பாகை, ஈரம் குடித்தது 140க்கு இறங்கிவிடும்.

முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். பெடலைச் சிறிது அழுத்தியபடி ஒரு கோலால் முட்டுக்கொடுத்தால் ராங்கியிலிருந்து ஒயில் வடிவது நிற்கும். (ஹைபிறிட்டில் இது வேண்டாம்.) ஒவ்வொரு குழாயிலும் பூட்டும் துளையின் அடையாளத்தை ரேப்பில் எழுதி ஒட்டிப் படமும் எடுங்கள். நட்டுக்குப் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் பிளெயர் ஸ்பனர். சாதாரண ஸ்பனர் போட்டால் உப்பில் இறுகிய நட்டு உருண்டுவிடும், பிறகு குழாயையும் மாற்றவேண்டிவரும். முதல்நாள் இரவே துரு இளக்கி விட்டு வையுங்கள். திருப்பிப் பூட்டும்போது கையால் மூன்று நான்கு சுற்றுப் போன பிறகே ஸ்பனர். இறுக்கம் பல ஜப்பான் கார்களில் 15 நியூட்டன் மீற்றர் அளவில், சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். வண்ணத்தில் சிந்திய ஒயிலை உடனே தண்ணீரால் கழுவாவிட்டால் பெயின்ற் உரியும்.

காற்றெடுப்பது மூன்று தடவை: முதலில் பெடலால் நான்கு சில்லிலும், பிறகு ஸ்கானரின் ஏ.பி.எஸ் பிளீட் மூலம் பம்பையும் வால்வையும் ஓட்டி, கடைசியாக மீண்டும் பெடலால். நடுவில் உள்ளதை விட்டால் அன்றைக்குப் பெடல் கல்லு மாதிரி இருக்கும். காற்று யூனிற்றுக்குள் மறைந்திருக்கும். முதல்முறை ஏ.பி.எஸ் ஓடியதும் அந்தக் காற்று குழாய்க்கு வரும், பெடல் தரைக்குப் போகும்.

இரண்டு குழாய் மாறிப் பூட்டினால் எந்த விளக்கும் எரியாது, எந்தப் பிழையும் பதியாது. இடது சறுக்கும்போது வலதை விடுவிக்கும், அவ்வளவுதான். ஆகவே வாகனத்தை நான்கு ஸ்ராண்டில் ஏற்றி, ஒருவர் பெடலை மிதித்துக்கொண்டிருக்க, ஸ்கானரில் முன் இடது என்று அழுத்த, முன் இடது சில்லு மட்டும் கையால் சுற்றவேண்டும். நான்கையும் இப்படிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் சாவியைக் கொடுக்கும் கராச்சிடம் செய்யச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

சறுக்கல் கட்டுப்பாடு உள்ள வாகனமென்றால் வாகனத்தைச் சமதரையில், ஸ்ரியரிங் நேராக நிறுத்தி, ஸ்ரியரிங் கோணத்துக்கும் அசைவு சென்சருக்கும் பூச்சிய நிலை கற்பிக்கவேண்டும். சரிந்த முற்றத்தில் கற்பித்தால் நேர் றோட்டிலேயே அது வாகனம் சறுக்குகிறது என்று நினைத்து ஒரு பக்கப் பிறேக்கைப் பிடிக்கும். ஐரோப்பிய வாகனங்களில் கோடிங்கும் வேண்டும். பழைய யூனிற் உயிரோடு பேசுமென்றால் கழற்றுமுன் அதன் கோடிங்கை ஸ்கானரில் வாசித்துப் படமெடுத்து வையுங்கள்.

ஓடிப் பார்ப்பதற்கு ஆளில்லாத மண் றோட்டில் 30 கிலோமீற்றர் வேகத்தில் உறுத்தி மிதியுங்கள். பெடல் அதிர்ந்து, வாகனம் நேராக நிற்கவேண்டும். பிறகு பெடல் முன்னையதைவிட மெத்தென்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இன்னொருமுறை காற்றெடுங்கள். ஒவ்வொரு நட்டிலும் வெள்ளைக் கடதாசி சுற்றித் துடைத்து ஈரம் பாருங்கள், ஒரு கிழமை கழித்து மீண்டும் பாருங்கள். கழற்றிய பழைய யூனிற்றின் துளைகளை மூடி, ஒரு மாதமாவது வீட்டில் வையுங்கள். பழுது வயரில்தான் இருந்தது என்று பிறகு தெரியவந்தால், திருப்பிப் பூட்டவும் விற்கவும் அது வேண்டும்.